சாளை அவருக்கு, ஆசாரம் எனக்கு

வாசகர் ஒருவரின் கேள்வி, 2 ஜூன் 2024

ஓவியம் வரைகிற பெண்ணுக்கு ஓவியர் ஒருவரே கணவராக வாய்த்தால் அதைவிடப் பாக்கியம் வேறு என்ன இருக்க முடியும்? வண்ணம் வாங்கிய காசுக்குக் கணக்குக் கேட்க மாட்டார். நடுச்சாமம் வரை விழித்திருந்தால் முகம் சுளிக்க மாட்டார். அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் மனைவி என்பதால்தானே அவர் பெயர் நம் காதுவரை வந்தது? மறுப்பவர்கள் எழுதுங்கள்.

3 ஜூன் 2024, இரவு 11.10

மறுக்கிறேன். 22 வருடமாக ஓவியர் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவள் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

கிராஸ்னர் 1908-ல் புரூக்ளினில் பிறந்தவர். பொல்லாக்கைவிட மூன்று வயது மூத்தவர். அவரைச் சந்திக்கும் முன்பே முறையாகக் கல்லூரியில் ஓவியம் படித்து, பிறகு ஹான்ஸ் ஹாஃப்மனிடமும் பயின்று, நியூயார்க் ஓவியர்கள் நடுவே தனக்கென்று ஓர் இடம் வைத்திருந்தவர். 1942-ல் ஒரே கண்காட்சியில் இருவர் படமும் தொங்கப்போகிறது என்று தெரிந்ததும், தனக்குத் தெரியாத இந்த ஆள் யார் என்று பார்த்துவிட, நேரே போய் பொல்லாக்கின் கதவைத் தட்டியவர் கிராஸ்னர்தான். தனக்குப் பழக்கமான ஓவியர்களிடமும் விமர்சகர்களிடமும் அவரை அழைத்துப் போனதும் கிராஸ்னர்தான். யாரால் யார் பெயர் ஊருக்குத் தெரிந்தது என்று கேள்வி கேட்டவர் இன்னொரு முறை யோசிக்கட்டும்.

1945 அக்டோபரில் கல்யாணம். அடுத்த மாதமே நியூயார்க்கை விட்டு லாங் தீவில் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். பழைய வீடு ஒன்று, அதோடு ஒரு சாளை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஆள் தங்கவும் பண்டம் போட்டு வைக்கவும் கட்டுகிற கட்டடத்தை எங்கள் கொங்குப் பக்கத்தில் சாளை என்போம். அந்தச் சாளை பொல்லாக்குக்குப் போயிற்று. கிராஸ்னருக்கு மாடியில் ஒரு படுக்கையறை. பாக்கியத்தைப் பற்றிப் பேசுவதானால் இங்கிருந்து பேசுவோம்.

4 ஜூன் 2024, அதிகாலை 5.20

நேற்று கோபத்தில் எழுதினேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் என் வீட்டைச் சொல்லாமல் அமெரிக்காவில் ஒரு வீட்டைச் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

எங்கள் ஊர் சிறுமுகை. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கம், பவானி ஆற்றங்கரை. பட்டு நெசவு ஊர். அப்பா தறிக்காரர். தானே கிராஃப் தாளில் டிசைன் எழுதிக்கொள்கிற தறிக்காரர். ஊரில் எல்லோருக்கும் அது வராது. எனக்கு எட்டு வயதிலேயே பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். வீட்டுக்காரர் அங்கே எனக்கு ஒரு வருடம் மூத்தவர். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்க இரண்டு வருடம் ஆயிற்று.

அவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நிலக்காட்சி வரைகிறவர். வாழைத் தோப்பும் அதற்குப் பின்னால் நீலமலைச் சரிவும் அவருக்கு அலுத்ததே இல்லை. மாமனாரின் தோட்டத்துச் சாளைதான் அவருடைய ஓவியக்கூடம். வடக்குச் சன்னல், ஓட்டுக்கூரை, எட்டடிச் சுவர்.

என் இடம் வீட்டின் ஆசாரத்தில் ஒரு மூலை. வீட்டுக் கூடத்தை எங்கள் பக்கம் ஆசாரம் என்போம். தையல் மெஷினை மூடி, அதன் மேல் பலகை போட்டு, அதன் மேல் கிராஃப் தாள். நெசவாளர்களுக்கு ஜக்கார்டு டிசைன், அதாவது தறியில் பூவும் உருவமும் நெய்கிற கருவிக்கான டிசைன், எழுதித் தருவது வருமானத்துக்கு. என் படங்களும் அதே பலகையில்தான். பலகை இரண்டரை அடி. 22 வருடமாக என் படங்களும் இரண்டரை அடியைத் தாண்டவில்லை. இதை நேற்று இரவுதான், கிராஸ்னரைப் பற்றி எழுதி முடித்த பிறகு, விளக்கைப் போட்டு டேப்பால் அளந்து பார்த்தேன்.

5 ஜூன் 2024, மதியம் 1.40

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் பொல்லாக் சாளையைத் தட்டிப் பறித்துக்கொண்டது போலத் தொனிக்கிறது. நடந்தது அப்படியல்ல. முதல் குளிர்காலத்தில் அவரும் அந்த மாடி அறையில்தான் வரைந்தார். 1946-ல் சாளையை வீட்டின் பின்பக்கத்திலிருந்து அப்படியே நகர்த்தி ஓரமாக வைத்துச் சரிசெய்த பிறகுதான் அவர் அங்கே போனார். காலியான அறை கிராஸ்னருக்கு வந்தது.

யாரும் பறிக்கவில்லை. பறித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் யாரும் பறிக்கவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் மாமியார் சாளைச் சாவியை மகன் கையில் கொடுத்து, "கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன் கண்ணு, படம் எழுத வசதியாக இருக்கும்" என்றார். என் பக்கம் திரும்பி, "உனக்கு ஆசாரத்திலேயே நல்ல வெளிச்சம் இருக்கிறது அம்மணி, அடுப்பும் கிட்டத்தில்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

7 ஜூன் 2024, இரவு 12.05

கிராஸ்னரின் படத்தை நான் முதலில் பார்த்தது கோவையில் ஒரு பழைய புத்தகக் கடையில், வண்ணம் மங்கிய அச்சில். அவர் பெயர்கூட எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. பார்த்தவுடன் கை நின்றுவிட்டது. இது எங்கள் வீட்டுத் தாள் அல்லவா என்று தோன்றியது.

அந்த மாடி அறையில் 1946 முதல் 1950 வரை அவர் வரைந்த சின்னப் படங்களின் வரிசையில் ஒன்று அது. வண்ணத்தைக் கனமாகப் பூசி, அதன் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகளால் சிறுசிறு கட்டங்கள், கட்டத்துக்குள் எழுத்து போலவும் இல்லாமல் உருவம் போலவும் இல்லாமல் குறிகள். பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிற 1949-ஆம் வருடப் படம் ஏறக்குறைய 97 செ.மீ. உயரம், 71 செ.மீ. அகலம். சிறுவயதில் அவர் ஹீப்ரு எழுதக் கற்றவர். வலமிருந்து இடமாகப் போகிற அந்தக் கைப்பழக்கம் இந்தப் படங்களிலும் வந்தது.

இனி என் தாளைச் சொல்கிறேன். 240 கொக்கி ஜக்கார்டு என்றால் குறுக்கே 240 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீர்மானம்: இந்த இடத்தில் நீளவாக்கில் கட்டிய பாவு இழை தூக்க வேண்டுமா, கிடக்க வேண்டுமா. சிவப்பு நிரப்பினால் தூக்கும், வெறுமையாக விட்டால் கிடக்கும். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை அடிக்கிறவர் என் தாளைப் பார்த்துத்தான் அடிப்பார். வளைவு என்று நெசவில் ஒன்றும் கிடையாது, எல்லாம் படிக்கட்டு. அன்னத்தின் கழுத்தை வளைக்க வேண்டுமானால் மூன்று கட்டம் மேலே, ஒன்று பக்கத்தில், இரண்டு மேலே, ஒன்று பக்கத்தில், ஒன்று மேலே, இரண்டு பக்கத்தில் என்று ஏறவேண்டும். எங்காவது ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுவதும் ஒவ்வோர் அன்னத்தின் கழுத்திலும் ஒரு பல் துருத்திக்கொண்டு நிற்கும். அப்பா அதைப் பார்க்காமல், விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

அந்தப் புத்தகத்தை 80 ரூபாய்க்கு வாங்கி வந்து, பலகை மேல் என் தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். சின்ன அறையில் இருக்கிறவளின் கை ஏன் கட்டத்துக்குள் போகிறது என்று அன்று யோசிக்கத் தொடங்கியதுதான் இன்றுவரை ஓயவில்லை.

8 ஜூன் 2024, காலை 6.15

ஒருவர் எழுதியிருக்கிறார்: சேலை டிசைனையும் ஓவியத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா?

வைக்கிறேன். 1947 குளிர்காலத்தில் கிராஸ்னர் மொசைக்கில் மேசை செய்தார். பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை விளிம்பாக வைத்து, அதற்குள் ஓட்டுத் துண்டும் கண்ணாடித் துண்டும் பதித்தது. அந்தச் சக்கரப் பட்டை கிடந்த சாளையில் கணவர் பெரிய படம் வரைந்துகொண்டிருக்கிறார், மனைவி அதே பட்டைக்குள் வட்டமாக ஒரு படம் செய்கிறார். அது மேசை என்பதால் ஓவியம் குறைந்துபோயிற்றா? அப்பா நெய்த முந்தியைக் கொண்டுவந்து எந்த ஓவியக் காலரியின் சுவரிலும் தொங்கவிட நான் தயார்.

11 ஜூன் 2024, இரவு 11.50

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "எழுது" என்றார்.

2011-ல் கோவையில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். அவர் படம் பதினெட்டு, என்னுடையது ஏழு. என் ஏழில் ஒன்று அப்பாவின் தறிக்கூடம். இரண்டடிப் படம். அந்தக் கூடம் எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். மேற்குக் காற்று புகுந்தால் பட்டிழை படபடத்து அறும் என்று அப்பா சன்னலைச் சாத்தியே வைத்திருப்பார். ஒரே ஒரு பல்பு, பாவுக்கு நேர் மேலே. தறிக்குழியில் அவர் கால் இருப்பது தெரியாது. இடுப்புக்கு மேல்தான் மனிதர், அதுவும் பாதி இருட்டு. அந்த இருட்டை வரைய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. கறுப்பு ட்யூபை நான் தொடவில்லை. நீலமும் காவியும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிப்பூசி, எது எந்த நிறம் என்று தெரியாத இடத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு ஆசாரத்துக்கு வந்தவர், என் தூரிகையை எடுத்து, மஞ்சள் காவியில் கொஞ்சம் வெள்ளை கலந்து, கூரையிலிருந்து பாவு வரைக்கும் சாய்வாக ஒரு வெளிச்சக் கற்றையை இழுத்துவிட்டார். ஒரே இழுப்பு. அவர் கை அப்படி. 30 வினாடிகூட ஆகியிருக்காது. படம் உயிர் பெற்றுவிட்டது. பார்த்த எல்லோரும் அந்த வெளிச்சத்தின் முன்னால்தான் நின்றார்கள். முதல் நாளே விற்றது. வாங்கியவர் பாராட்டாகவே சொன்னார்: "உங்கள் வீட்டுக்காரர் கை இதில் நன்றாகத் தெரிகிறது."

எங்கள் தறிக்கூடத்துக் கூரையில் கண்ணாடி ஓடு கிடையாது. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்திருக்க முடியும்? அப்பா கண்காட்சிக்கு வந்தார். படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு கூரையைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

12 ஜூன் 2024, காலை 7.05

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சொன்னார்: "நீதானே கூப்பிட்டாய்? என்னமோ குறைகிறது, வந்து பாருங்கள் என்றாயே. தூரிகையை நீட்டியதும் நீதான்."

கூப்பிட்டது உண்மை. மறந்தே போயிருந்தேன். தூரிகையை நான் நீட்டினேனா என்பது நினைவில்லை. அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. எனவே அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

ஆனால் நான் கேட்டது "பாருங்கள்" என்று.

14 ஜூன் 2024, இரவு 10.30

இழையைத் தொடங்கிய வாசகர் கேட்கிறார்: அப்படியானால் அவரைக் கட்டிக்கொள்ளாமலே இருந்திருக்கலாமே?

இல்லை. அதற்கும் என் பதில் இல்லைதான். ஓர் இரவைச் சொல்கிறேன். கல்யாணமான புதிது. வாழை இலையின் பச்சையில் மஞ்சள் காவி இருக்கிறது என்கிறார் அவர். கிடையவே கிடையாது, அடியில் ஓடுவது நீலம் என்கிறேன் நான். பேச்சு முற்றி, மணி பன்னிரண்டுக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் தோப்புக்குப் போனோம். டார்ச் வெளிச்சத்தில் என்ன நிறம் தெரியும்? விடியட்டும் என்று வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். முதல் வெளிச்சத்தில் இலையின் மேற்புறம் அவர் சொன்னபடி இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால், அடிப்புறத்துச் சாம்பல் பூச்சில் நான் சொன்ன நீலம். மாமியார் பால் கறக்க வந்தவர் எங்களைப் பார்த்து, பாம்பு கடித்துவிட்டதோ என்று பதறிப்போனார்.

இப்படி ஒரு பேச்சுத்துணை எனக்கு வேறு யாரிடம் கிடைத்திருக்கும்? என் அக்கா வீட்டில் வாழை இலையின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. பாக்கியம் என்று அந்த வாசகர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. முதல் நாள் நான் "மறுக்கிறேன்" என்று ஒரே சொல்லில் எழுதியது அவசரம்.

16 ஜூன் 2024, மாலை 4.25

ஹாஃப்மன் கிராஸ்னரின் படத்தைப் பார்த்து, இது ஒரு பெண் வரைந்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்ற பொருளில் பாராட்டினாராம். கிராஸ்னர் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. எனக்கும் கல்லூரியில் ஓர் ஆசிரியர் இதே பாராட்டைக் கொடுத்தார். நான் அன்று அதை வீட்டுக்குக் கடிதத்தில் பெருமையாக எழுதினேன். அந்தக் கடிதம் அம்மாவிடம் இன்னும் இருக்கிறது.

1949-ல் நியூயார்க்கில் சிட்னி ஜேனிஸ் காலரி ஓவியத் தம்பதிகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. இவர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். மனைவிமார் கணவரின் பாணியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திக் காட்டுகிறார்கள் என்ற தோரணையில் விமர்சனம் வந்தது. வீட்டைக் கூட்டுவது போலப் படத்தையும் கூட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

19 ஜூன் 2024, இரவு 11.30

இன்றோடு கிராஸ்னர் மறைந்து 40 வருடம். 1984 ஜூன் 19.

4-ஆம் தேதி என் படங்கள் இரண்டரை அடியைத் தாண்டவில்லை என்று எழுதியபோது, கிராஸ்னரும் கணவர் இருந்தவரை சின்னதாகவே வரைந்தார் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். அதுவும் சரியில்லை. 1951-ல் பெட்டி பார்சன்ஸ் காலரியில் தனிக் கண்காட்சி வைத்தார், படங்கள் விற்கவில்லை. பிறகு ஒரு நாள் சுவரில் ஒட்டியிருந்த தன் சித்திரங்களை எல்லாம் கிழித்துத் தரையில் போட்டார். சில வாரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தபோது அந்தக் கிழிசல்களே அவருக்கு வேறொன்றாகத் தெரிந்தன. எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். விற்காத அந்தப் படங்களின் மேலேயே ஒட்டினார். பொல்லாக் வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளையும் சேர்த்துக்கொண்டார். 1955-ல் ஸ்டேபிள் காலரியில் வைத்த அந்த ஒட்டுப்படங்களில் சில ஆறடிக்கும் மேலே. பொல்லாக் அப்போது உயிரோடு இருக்கிறார், சாளையில் இருக்கிறார்; ஆனால் அவர் கை ஓய்ந்துகொண்டிருந்த காலம் அது.

1956 ஆகஸ்ட் 11 இரவு, குடித்துவிட்டு ஓட்டிய காரில் பொல்லாக் இறந்தார். வயது 44. கிராஸ்னர் அப்போது பாரிஸில். அடுத்த வருடம் அவர் சாளைக்குள் போனார். 1957-ல் அங்கே வரைந்த 'பருவங்கள்' ஏறக்குறைய 17 அடி அகலம். துக்கத்தில் இருக்கிற பெண் இப்படியா இளஞ்சிவப்பும் பச்சையுமாக வரைவாள் என்று பார்ப்பவர்கள் திகைக்கிற படம். தூக்கம் வராத இரவுகளில் வரைந்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் நிறத்தை நம்ப முடியாது என்று பழுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துக்கொண்டு வரைந்தவை.

அந்தச் சாளை இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தரையைப் பலகையால் மூடியிருந்தார்கள். கிராஸ்னரின் காலத்துக்குப் பிறகு அதைப் பெயர்த்தபோது, அடியில் பொல்லாக் சொட்டிய வண்ணமெல்லாம் அப்படியே இருந்தது. அவர் படத்தைத் தரையில் விரித்து வரைந்தவர். கிராஸ்னர் சுவரில் ஆணி அடித்து மாட்டி வரைந்தவர். அதனால் தரை அவருடையது, சுவர் இவருடையது. சுவரில் படங்களின் விளிம்பைத் தாண்டித் தெறித்த கோடுகள் இன்னும் இருக்கின்றனவாம். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்து சாளைக்குப் போய், ஸ்டாண்டுக்குக் கீழே டார்ச் அடித்துத் தரையைப் பார்த்தார்.

23 ஜூன் 2024, மாலை 5.50

நம் பக்கத்துப் பெண்களை விட்டுவிட்டு எங்கோ போகிறீர்கள் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். நியாயம்தான்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் பொன்னானிப் பக்கம். அங்கே பிறந்தவர் டி.கே. பத்மினி, 1940-ல். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தார். பணிக்கர் பிறந்தது நம் கோயம்புத்தூரில், 1911-ல். பலருக்கு இது தெரியாது. பத்மினி படித்து முடித்துப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். 1968-ல் ஓவியர் கே. தாமோதரனை மணந்தார். 1969 மே 11-ல் பிரசவத்தில் இறந்தார். மறுநாள் அவருக்கு 29 வயது ஆகியிருக்கும். கடைசியாக வரைந்தது பட்டம் விடும் பெண்.

ஜெர்மனியில் பௌலா மோடர்சோன்-பெக்கர். அவரும் ஓவியரை மணந்தவர். 1907-ல் மகள் பிறந்து மூன்று வாரம்கூட முடியுமுன் இறந்தார், 31 வயது. கண்ணாடி முன் நின்று தன் உடம்பைத் தானே வரைந்த பெண் அவர்.

இந்த இரண்டு பேருக்கும் கணவர் சாளையை விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்ற கேள்வியே எழுவதற்குள் காலம் முடிந்துவிட்டது. என் மகள் பிறந்தபோது எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல், மூன்று நாள் கழித்துத்தான் கண் விழித்தேன். பத்மினியின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று நாள் நினைவு வந்துவிடும். மேலே எழுத முடியவில்லை.

24 ஜூன் 2024, காலை 6.00

நேற்று விட்டது. பணிக்கர் 1966-ல் சென்னைக்கு அருகே தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஓவியர் அர்னவாஸ் இருந்தார், ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவின் மனைவி. மெழுகு பூசிச் சாயமேற்றுகிற பத்திக் துணி போன்ற கைவேலைகளை விற்றுத்தான் அங்கே பலரும் படம் வரைந்தார்கள். என் கிராஃப் தாளை நினைத்துக்கொள்கிறேன். 1988-ல் அர்னவாஸ் மறைந்த பிறகு வாசுதேவ் அவர் பெயரிலேயே இளம் ஓவியர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். இப்படியும் கணவர்கள் உண்டு என்பதை நான் மறைத்ததாக இருக்க வேண்டாம்.

30 ஜூன் 2024, பிற்பகல் 3.15

"நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்" என்று கேட்ட பெண்ணுக்கு.

நான் படம் வரைகிற நாளில் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம்தான். ஒரே குக்கர், மூன்று விசில், மேலே நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாய். என் மகள் சாப்பாட்டைப் பார்த்தே, "அம்மா இன்று வரைகிறாள்" என்று கண்டுபிடித்துவிடுவாள். அவர் படம் வரைகிற நாளில் என்ன சமையல் என்று யோசித்தேன். வழக்கமான சமையல்தான். அவர் வரைகிற நாளும் வரையாத நாளும் அடுக்களைக்குத் தெரியாது. இதை இன்று அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சமையல் இனித் தன்னுடையது என்றிருக்கிறார். பார்ப்போம். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நேரத்தைவிட முதலில் சுவரைக் கேளுங்கள். நான் 22 வருடமாக நேரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

9 ஜூலை 2024, இரவு 10.10

அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். தறியை யாருக்குக் கொடுப்பது என்று அம்மா ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். சென்ற வாரம் தெரிந்த குடும்பம் ஒன்று கழற்றி எடுத்துப் போயிற்று. ஜக்கார்டு பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள். அட்டைகளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

"தறி எடுத்த இடம் வெறிச்சென்று கிடக்கிறது, பார்க்க முடியவில்லை. நீ வந்து புழங்கு அம்மணி" என்றார் அம்மா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவர் பன்னிரண்டடி நீளம். அதில் தறி மரம் உரசிய கோடுகள், அப்பா பாவுக் கணக்கை எழுதி வைத்த பென்சில் எண்கள்.

வீட்டுக்காரர் சாளையைப் பாதியாகத் தடுத்து எனக்குத் தருகிறேன் என்று சொல்லி ஒரு வாரமாகிறது. இந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் சொன்னார். மனம் இளகிவிட்டது. ஆனால் வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்தச் சுவரை நான் பார்த்துவிட்டேன், இனி வேறு சுவர் எனக்குச் சரிப்படாது என்று விளக்கிச் சொன்னபோது புரிந்துகொண்டார்.

21 ஜூலை 2024, மதியம் 12.20

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன், அப்பாவைப் போல.

காடாத்துணி வாங்கி, ஒன்பதடி நீளத்துக்குச் சுவரில் ஆணி அடித்து இழுத்துக் கட்டியாயிற்று. அவரும் மகளும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். பூச்சு மூன்று கை கொடுத்துக் காய வைத்து, வியாழக்கிழமை தொடங்கினேன். பழைய தறிக்கூடத்தையே வரைகிறேன். இந்த முறை அப்பாவின் கால்களும் உண்டு. கால் இருந்த இடத்தை வரைய வேண்டுமானால் துணியின் கீழ்ப்பகுதிக்குக் குனிய வேண்டியிருக்கிறது, இடுப்பு தாங்கவில்லை. நேற்று தறிக்குழிக்குள்ளேயே இறங்கி நின்று பார்த்தேன். குழியின் மண்சுவர் முழங்காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. துணியின் கீழ் விளிம்பு நேராக என் நெஞ்சுக்கு வந்தது.

அவர் இரண்டு முறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பல்பு வெளிச்சத்தில் நீலம் ஏமாற்றுகிறது. கதவைத் திறந்து வைத்தால் காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நிறம் சரியாகத் தெரிகிறது. காற்றும் அந்த நேரத்தில் அவ்வளவாக இல்லை. அதனால் காலையில் இங்கே பதில் எழுத மாட்டேன். கேள்வி இருந்தால் போட்டு வையுங்கள், இரவில் பார்க்கிறேன்.